ஊசிப்பாறையின் சராசரி டீ

ஊசிப்பாறை என்ற ஊரில் தொடர்ந்து ஆறு நாள் ஒரு ஆள்கூட டீ குடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் பல்கலைக்கழக நூலகத்தில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. நீல அட்டை போட்டு, முதுகில் பொன் எழுத்து அடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆதாரத்தை உண்டாக்கியவர்கள் மூன்று பேர். சமூகவியல் எம்.ஏ. மாணவர்கள். மூவரில் மூத்தவன் பூமிநாதன். ‘ஆய்வு முறைகள்’ என்ற ஒரே தாளில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருந்ததால் மூத்தவன்.

சோம்பேறித்தனத்தால் தோற்றான் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தாளுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு கள ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் தடவை வகுப்பில் குணவதி மேடம், “ஆய்வாளர் தன் சொந்தக் கருத்தை எந்த இடத்திலும் நுழைக்கக் கூடாது” என்றார். பூமிநாதன் இரண்டு வாரம் யோசித்தான். எதை எழுதினாலும் அதில் தன் கருத்து எங்கேயாவது வந்து ஒட்டிக்கொள்கிறது என்று கண்டான். நாற்பது வெள்ளைத் தாள்களை பைண்டு செய்து கொடுத்தான். பைண்டிங்குக்காகப் பதினொன்று போட்டார்கள்.

இரண்டாவது தடவை, “ஆய்வில் சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் வெளியே தெரியக் கூடாது” என்றார் மேடம். பூமிநாதன் தன் பெயர், பதிவு எண், துறை எல்லாவற்றையும் விட்டுவிட்டான். அறிக்கை யாருடையது என்று மேடம் இரண்டு மாதம் தேடி, கடைசியில் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துப் பதின்மூன்று போட்டார்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம பண்ணைக்கு வந்துருடே” என்று அண்ணன் வேல்மயில் போனில் சொல்லிவிட்டான். பண்ணை என்றால் கோழிப்பண்ணை. ஐயாயிரம் கோழி. பூமிநாதனுக்குக் கோழி ஆகாது. ஒரு கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது, அவனுக்கே தெரியாத ஏதோ ஒன்று அவனைப் பற்றி அதற்குத் தெரிந்துவிட்டது போல இருக்கும். ஐயாயிரம் கோழிக்கும் அது தெரிந்துபோனால் தாங்காது. ஆகவே எப்படியாவது ஐம்பது மார்க் வாங்கியாக வேண்டும்.

கூட்டாளிகள் இரண்டு பேர். இசக்கிராஜ் எதையும் அடிக்கோடு போட்ட பிறகுதான் நம்புவான். லூர்துராணியிடம் கால்குலேட்டர் இருந்தது. ஒரு கூட்டலை மூன்று தடவை போட்டு, வந்த மூன்று விடைகளில் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வாள்.

யாராலும் தப்புச் செய்ய முடியாத தலைப்பாகப் பார்த்து மேடம் கொடுத்தார்: ஊசிப்பாறை மக்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார்கள்?

“ஊரில் இருநூற்றைம்பது வீடு. எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். ஒவ்வொரு ஐந்தாவது வீட்டுக்கும் போங்கள். யார் முதலில் எதிர்ப்படுகிறாரோ அவரைக் கேளுங்கள். என்ன ஆனாலும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். அப்புறம், கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் மாறும். அதில் கவனமாக இருங்கள்.”

மூவரும் தலையாட்டினார்கள். இசக்கிராஜ் அடிக்கோடு போட்டான்.

ஊசிப்பாறையின் ஐந்தாவது வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒரு எருமை கட்டியிருந்தது.

“ஆள் இல்லையே. ஆறாவது வீட்டுக்குப் போவமா?” என்றாள் லூர்துராணி.

“ஒழுங்க மாத்தக் கூடாது. ரெண்டு கோடு போட்டிருக்கேன்” என்றான் இசக்கிராஜ்.

பூமிநாதன் வெகு நேரம் யோசித்தான். “யார் எதிர்ப்படுறாங்களோ அவங்களக் கேக்கணும்னுதான சொன்னாங்க. எதிர்ப்பட்டது இதுதான்.”

கேட்டார்கள். எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவசரப்படுத்தினால் பதில் கெட்டுவிடும் என்று கால் மணி நேரம் நின்றார்கள். பிறகு இசக்கிராஜ் நோட்டில் எழுதினான்: ‘வரிசை எண் 1. பதில் சொல்ல மறுத்தார்.’

அடுத்த வீட்டிலிருந்து முகப் பிரச்சினை வந்தது. மூவரும் கூடிப் பேசி, பதில் சொல்கிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்பது என்று முடிவு செய்தார்கள். பத்தாவது வீட்டுப் பெரியவர் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். மூவரும் திரும்பிக்கொண்டார்கள். அவர் மறுபடி சுற்றினார். இப்படியே முற்றத்தில் நாலு சுற்று ஆனது.

“என்னவே, எம்மேல கோவமா?” என்றார் பெரியவர் மூச்சு வாங்க.

“இல்லய்யா” என்றான் பூமிநாதன் சுவரைப் பார்த்தபடி. “எங்க மூஞ்சி உங்களப் பாதிக்கும்.”

பெரியவர் எட்டி அவன் முகத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டார். “அது நெசந்தான்” என்றார். “எழுதிக்கோ. மூணு டீ.”

ஊரே மூன்று டீதான் குடித்தது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஊர்ப் பாலில் ஒரு பாதி சொசைட்டி வண்டியில் ஏறிப் போகும், மறு பாதி சீனிமுத்து கடைக்குப் போகும். ஆகவே வீட்டில் டீ போடுகிற வழக்கமே அங்கே இல்லை. சீனிமுத்துவின் கடையும் வீடும் ஒன்று. அது நூற்று ஐம்பத்தைந்தாவது வீடு. ஐந்தால் வகுபடும் எண் ஆனதால் அவரும் மாட்டிக்கொண்டார்.

“எனக்கா?” என்றார் சீனிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே. “ஒவ்வொரு தடவ போடும்போதும் ருசி பாத்துத்தான் குடுப்பேன். நாப்பத்து மூணு வரும் தம்பி.”

ஐம்பது வீடும் முடிந்தது. எருமை போக நாற்பத்தொன்பது பதில். லூர்துராணி கணக்குப் போட்டாள். சராசரி ஏறக்குறைய நான்கு.

குணவதி மேடம் அறிக்கையின் முதல் வரைவைப் படித்தார். எண் 1-ஐ ஏனோ தாண்டிப் போய்விட்டார். சீனிமுத்துவின் எண் 31-இல் பேனாவை நிறுத்தி, பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: ‘இவர் மற்றவர்களோடு ஒட்டவில்லை. இவரை நீக்கிவிட்டு, சராசரியை மறுபடி பார்க்கவும்.’

மூவரும் அதை ஊசிப்பாறை அரச மரத்தடியில் உட்கார்ந்து பல தடவை படித்தார்கள்.

“பாவம்லா” என்றாள் லூர்துராணி. “பிள்ளகுட்டிக்காரரு.”

“மேடம் சும்மா சொல்ல மாட்டாங்க” என்றான் இசக்கிராஜ். “அவரு இருந்தா ஊருக்கு நாலு. இல்லேன்னா மூணு. ஒரு ஆளால ஊருக்கே ஒரு டீ கூடுதல்.”

பூமிநாதனுக்கு நெஞ்சு ஒப்பவில்லை. ஒரு மனிதனை அவன் ஊரிலிருந்து நீக்குவதற்குத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். ஐயாயிரம் கோழி நினைவுக்கு வந்தது. எழுந்து டீக்கடைக்கு நடந்தான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

சீனிமுத்து அந்தச் சிவப்பு எழுத்தைத் துண்டில் கை துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

“யூனிவர்சிட்டிலேர்ந்தா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஒட்டவில்லைன்னு போட்டிருக்கே. நான் எல்லார்ட்டயும் நல்லாத்தானய்யா பழகுதேன்.”

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி” என்றான் பூமிநாதன். அவசரத்தில் முதுகைக் காட்டவும் மறந்துவிட்டான். “நீங்க நல்லவருதான். உங்களால ஊர் சராசரி கெட்டுப்போச்சு. அவ்வளவுதான்.”

சீனிமுத்துவின் முகம் வாடிவிட்டது. இருபது வருஷமாக டீ ஆற்றுகிறார். தன்னால் ஊருக்கு ஒன்று கெட்டது என்று அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. உள்ளே இருந்து அவர் மனைவி பேச்சித்தாய் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

“எவ்வளவு தூரம் போகணுமாம்?”

“ரொம்ப வேண்டாம்க்கா. ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போனாப் போதும்” என்றாள் லூர்துராணி.

“எல்லையில நின்னா சரிப்படாது” என்றான் இசக்கிராஜ். “‘மறுபடி பார்க்கவும்’னு இருக்கு. பாக்கும்போது கண்ணுல தட்டுப்படக் கூடாது.”

“அப்ப எங்க மதினி வீட்டுக்குப் போயிருதோம்” என்றாள் பேச்சித்தாய். “ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா.”

அடுப்பை அணைத்து, கடையைப் பூட்டி, மூன்று மணி பஸ்ஸில் குடும்பமே ஏறியது. பைகளைத் தூக்கிக் கொடுத்தது மூவரும்தான். பஸ் நகரும்போது சீனிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “நான் திரும்ப எப்ப வரலாம் தம்பி?” என்று கேட்டார்.

“வெளித் தேர்வாளர் கையெழுத்துப் போட்டதும் வந்துருங்க அண்ணாச்சி.”

மறுநாள் காலையில் மூவரும் சராசரியை மறுபடி பார்க்க ஊருக்குள் போனார்கள். ஊர் நன்றாக இல்லை. ஆட்கள் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பூட்டிய கடை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் வீடு வீடாகப் போய் முதுகைக் காட்டி நின்று, எத்தனை டீ என்று கேட்டார்கள். முதுகைக் காட்டி நின்றது நல்லதாகப் போயிற்று. வந்த பதில்களை முகத்தில் வாங்கியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார்கள். திட்டுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் எல்லாப் பதிலும் ஒன்றுதான்: பூஜ்யம்.

அரச மரத்தடியில் மறுபடி கூட்டம்.

“நாப்பத்தெட்டு பூஜ்யம்” என்றாள் லூர்துராணி. மூன்று தடவை கூட்டினாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று விடையும் ஒன்றாக வந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

“ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் துளி வித்தியாசம் இல்ல” என்றான் இசக்கிராஜ். “ஒட்டாத ஆளே இல்ல. இப்படி ஒரு ஊரு புத்தகத்துலயே கிடையாது.”

பூமிநாதன் மட்டும் மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தான். “நாம வராம இருந்திருந்தா இவங்க மூணு குடிச்சிருப்பாங்கல்லா?”

“அது நம்ம ஆய்வுல வராது” என்றான் இசக்கிராஜ். “நம்ம தலைப்பு எத்தனைங்கிறது. ஏன்ங்கிறது வேற தலைப்பு.”

அது சரியென்று பட்டது. அறிக்கையைத் திருத்தி, ‘ஊசிப்பாறை மக்கள் டீ குடிப்பதில்லை’ என்று முடிவு எழுதி, நீல அட்டை போட்டார்கள்.

ஆறாம் நாள் வெளித் தேர்வாளர் வந்தார். நமச்சிவாயம் என்று பெயர். அறிக்கையை நம்பாதவர், நேரில் போய்ச் சரிபார்ப்பவர், பல பேருடைய பட்டத்தைப் பறித்தவர் என்று பல்கலைக்கழகமே நடுங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், “முதலில் ஒரு டீ சாப்பிடலாம்” என்றார்.

“இங்க கிடைக்காதுங்க சார். முடிவுரையில எழுதியிருக்கோம்” என்றான் இசக்கிராஜ்.

அவர் ஊரை நான்கு தரம் சுற்றினார். டீ கிடைக்கவில்லை. ஐந்து பேரைப் பிடித்து விசாரித்தார். ஐந்து பேரும் பூஜ்யம் என்றார்கள், ஒருவர் அழுதார். கடைசியாக எண் 1-ஐப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனார்கள். நமச்சிவாயம் எருமை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கேள்வியைக் கேட்டார். அது பதில் சொல்ல மறுத்தது. அறிக்கையில் அந்த இடத்தில் ஒரு டிக் போட்டார்.

“முப்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன்” என்றார் பஸ்ஸில், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. “எழுதியது ஒன்று, ஊரில் இருப்பது வேறு என்றுதான் எப்போதும் இருக்கும். எழுதியபடியே இருக்கிற ஊரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.” மூவருக்கும் ஆளுக்கு அறுபத்தொன்று போட்டார். டீ கிடைத்திருந்தால் இன்னும் கூடுதலாகப் போட்டிருப்பார். சீனிமுத்துவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

பூமிநாதன் பாஸ். வேல்மயில் பண்ணையில் நின்றுகொண்டு போனிலேயே தம்பியை வாழ்த்தினான். லூர்துராணி பால்கோவா கொடுத்தாள். இரண்டு நாள் பூமிநாதன் சந்தோஷமாகத்தான் இருந்தான். மூன்றாம் நாள் மெஸ்ஸில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் மார்க்குகளை ஒரு சீட்டில் வரிசையாக எழுதினான். பதினொன்று. பதின்மூன்று. அறுபத்தொன்று.

தட்டை அப்படியே விட்டுவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு குணவதி மேடம் அறைக்குப் போனான்.

“மேடம், இதுல ஒண்ணு மத்ததோட ஒட்டல.”

மேடம் பார்த்தார். “அதனால் என்ன?”

“நீக்கணும் மேடம்.”

“பூமிநாதா, நீ பாஸ். அதுதான் அந்த அறுபத்தொன்று. பேசாமல் போய்ப் பட்டத்துக்கு விண்ணப்பம் எழுது.”

“சீனிமுத்து அண்ணாச்சிய நீக்கச் சொன்னீங்கல்லா மேடம். அவரு ஒரு வார்த்த பேசாமப் போனாரு. எனக்கு மட்டும் வேற நியாயமா?”

குணவதி மேடத்துக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்வதற்காக ஒன்று சொன்னார்: “மூன்றே மூன்று எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னும் ஒன்றாவது வேண்டும்.”

அவன் நேராக அலுவலகத்துக்குப் போய், பாஸ் ஆன தாளை மறுபடி எழுதுவதற்கு இம்ப்ரூவ்மென்ட் விண்ணப்பம் வாங்கி நிரப்பினான். இசக்கிராஜும் லூர்துராணியும் சாட்சி மாதிரி இரண்டு பக்கமும் நின்றார்கள். புது ஆய்வின் அறிக்கையில், ‘இதை நூறு தடவை செய்து பார்க்காமல் எதையும் சொல்வது நேர்மையாகாது’ என்று முதல் பக்கத்தில் எழுதி, அத்தோடு நிறுத்திக்கொண்டான். கார்த்திகையில் முடிவு வந்தது. பலகையைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்து அண்ணனுக்குப் போன் போட்டான்.

“பன்னெண்டுண்ணே” என்றான். “பதினொண்ணுக்கும் பதிமூணுக்கும் நட்ட நடுவுல. சரியா பன்னெண்டு.”

அந்தப் பக்கம் ஐயாயிரம் கோழியின் சத்தம் கேட்டது.

“ஏலே” என்றான் வேல்மயில், “நீ பாஸாயிட்டேன்னு சொன்னியே. அப்ப நீ ஃபெயிலா?”

“இத்தன நாளா அதுல ஒரு சந்தேகம் இருந்துச்சுண்ணே” என்றான் பூமிநாதன். “இப்ப நிரூபிச்சிட்டேன்.”