முள்ளுக்குள் போன இரும்புக் கேட்டு

"தாயே, முள்ளு ஜெயிச்சிருச்சு."

கருமலையான் வந்து நின்ற கோலமும் அப்படித்தான் இருந்தது. சட்டை தோளோடு கிழிந்து தொங்கியது. புருவத்துக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது.

பூரணத்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் குரு. வயதில் கருமலையானுக்குத் தங்கை மாதிரி. இவர் அவரைத் தாயே என்பார், அவர் இவரை அண்ணே என்பார்.

"என்னண்ணே ஆச்சு?"

"டிராக்டர் ரேடியேட்டர்ல குத்திருச்சு. தண்ணி பூராம் ஒழுகிப் போச்சு. இன்னொரு முள்ளு கண்ணுல ஏற வேண்டியது, தப்பிருச்சு."

"கண்ணு இருக்குல்ல?"

"இருக்கு தாயே."

"அப்பச் சரி." அம்மை அடுத்த கட்டுக் கீரையை எடுத்தார்.

கருமலையான் காலமெல்லாம் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞானம் வேண்டும் என்று கேட்டுத்தான் இங்கே வந்தார். அம்மை மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. மடத்து மினி டிராக்டரின் சாவியைக் கையில் கொடுத்தார்.

"மொதல்ல ஊருணிக்கு வழி பண்ணுங்க. அப்புறம் மத்ததப் பாப்போம்."

மடத்துக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரமும் சீமைக்கருவேலங்காடு. அதற்குள் எங்கேயோ ஓர் ஊருணி இருப்பதாகப் பேச்சு. இன்றைக்கு ஊரில் இருப்பவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. சுற்றுப்பட்டில் இருந்த மற்ற ஊருணிகளில் லாரி வைத்து மணலை வழித்துவிட்டார்கள். மணலோடு ஊற்றும் போய்விட்டது. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தார்ரோட்டில் வெகுதூரம் போய் வருகிறார்கள். ஒரு நாள் போய் வந்தால் மறுநாள் இடுப்பு நிமிராது.

கருமலையான் விடுகிற ஆள் இல்லை. ரேடியேட்டர் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார். முன்னால் சாக்கை நான்கு மடிப்பாக மடித்துக் கட்டினார். இன்ஜின் கொதித்தது.

சாக்கை அவிழ்த்துவிட்டுத் தகரத்தை அடித்தார். இன்னும் சீக்கிரமாகக் கொதித்தது.

"தாயே, முள்ளு உள்ள வரக் கூடாதுன்னு அடைச்சா இன்ஜின் கொதிக்குது. தெறந்து விட்டா குத்துது. நான் என்னதான் செய்ய?"

அம்மை கொடியில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து நீட்டினார்.

"இத மூக்கு, வாய் எல்லாம் மூடி இறுக்கிக் கட்டுங்க."

கட்டினார்.

"இப்பக் கேளுங்க."

கேட்க வாயைத் திறந்தார். மூச்சு முட்டியது. துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இருமி முடித்ததும் எழுந்து போய்த் தகரத்தைக் கழற்றினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார்.

"கம்பி வேணும் தாயே. காத்து போகணும், கட்டை போகக் கூடாது. அந்த மாதிரி இடைவெளி விட்டு அடிச்ச கம்பி."

அம்மை வாசலைப் பார்த்தார். மடத்து வாசலில் இரும்புக் கேட்டு. ஒற்றைக் கதவு, இடுப்பு உயரம், நெருக்கமாக நிறுத்தின கம்பிகள்.

"அதக் கழட்டிக்கங்க."

"மடத்துக்கு?"

"இங்க என்னண்ணே இருக்கு களவு போக? நீங்களும் நானும்தான். நம்மள எவன் தூக்கிட்டுப் போவான்?"

கேட்டைக் கழற்றி டிராக்டரின் முகத்தில் வைத்து போல்ட் போட்டார். கீலை வெட்டுவானேன் என்று கீல் ஓட்டையிலேயே போல்ட்டை விட்டு முடுக்கினார். டீசல் குழாய்க்குப் பழைய சைக்கிள் டயரைப் பிளந்து உறை போட்டார். அடி வயிற்றுக்கு எண்ணெய் பேரல் தகடு. உள்ளே விழுகிற சுள்ளியும் இலையும் தேங்கிச் சூட்டில் பற்றிக்கொள்ளாமல் கீழே உதிர, தகட்டில் ஓட்டைகள். நல்ல வேலைதான், குறை சொல்லக் கூடாது.

மறுநாள் டிராக்டர் காட்டுக்குள் போனது. முள் கேட்டில் மோதி வளைந்தது, ஒடிந்தது, சரிந்தது. ஒன்றும் உள்ளே வரவில்லை. கருமலையான் சீட்டில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

கேட்டு இல்லாத மடத்துக்குள் ஊர் ஆடெல்லாம் வந்து கீரைப் பாத்தியை மொட்டையடித்தது. அம்மை வெறும் கஞ்சி குடித்தார்.

தார்ரோட்டிலிருந்து வழி நீண்டுகொண்டே போனது. ஒரு லாரிக்காரன் தினமும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பான். நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தான். ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தான்.

"அண்ணே, கேட்டு மாட்டிருக்கீங்க பாருங்க, அது மூளை! வழி எப்பண்ணே முடியும்?"

"ஊருணி தட்டுப்பட்டா முடிஞ்சுது தம்பி."

"நல்லா அகலமா வெட்டுங்கண்ணே. பின்னால எல்லாருக்கும் பிரயோசனப்படும்ல."

அந்த வார்த்தையில் கருமலையானுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. அன்றிலிருந்து வழியை அகலமாக வெட்டினார். வெட்டிய முள்ளை இரண்டு பக்கமும் மலை மாதிரி குவித்தார்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் கேட்டுக்கு எதிரே முள்ளே இல்லை.

கருமலையான் இன்ஜினை நிறுத்தினார். இறங்கவில்லை. பிறகு எங்கிருந்து அந்த ஓட்டம் வந்ததோ, மடத்துக்கு ஓடிப்போய் அம்மையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

காட்டுக்கு நடுவே வட்டமாக வானம் திறந்திருந்தது. நான்கு பக்கமும் கல் படிக்கட்டு. ஒரு கல்கூடப் பெயரவில்லை. படிகளுக்குக் கீழே மணல். வெள்ளை மணல், காற்று வரைந்த கோடு கலையாமல். அதன் மேல் மயில் நடந்த தடம் மட்டும் இருந்தது. அப்படி ஓர் அமைதியை அந்த மனுஷர் ஆயுசில் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது.

அம்மை செருப்பைக் கழற்றினார். கடைசிப் படியில் மண்டியிட்டு மணலைக் கையால் தோண்டினார். முழங்கை வரை போனது. பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

குழியின் அடியில் மணல் கறுத்தது. மினுங்கியது. மெதுவாகத் தண்ணீர் ஊறி ஏறியது.

கருமலையான் ஒரு கை அள்ளிக் குடித்தார். தித்தித்தது. அழுதுவிட்டார்.

"சுத்துப்பட்டுல ஒண்ணு மிச்சமில்லையே தாயே. எல்லாத்தையும் வழிச்சுட்டானுங்களே. இது மட்டும் எப்படி இருக்கு?"

அம்மை எழுந்தார். சுற்றி நின்ற கருவேல மரங்களைப் பார்த்துத் தலைக்கு மேல் கை கூப்பினார்.

கருமலையான் அந்த முள்ளைப் பார்த்தார். தான் வாய்க்கு வந்தபடி ஏசிய முள். கையை நீட்டி ஒரு முள்ளின் முனையை விரலால் தொட்டார். அது குத்தியது. விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அண்ணே."

"தாயே."

"வழி எவ்வளவு அகலம் வெட்டியிருக்கீங்க?"

"லாரி போற அளவு..."

சொல்லி முடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். ஊருணிப் படியிலிருந்து தார்ரோடு வரைக்கும் நேர்கோடாக, வெளேரென்று கிடந்தது வழி. அந்தக் கோடியில் ஒரு லாரி நின்றிருந்தது. யாரோ ஒருவன் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

கருமலையான் டிராக்டரில் ஏறினார்.

அதைக் கிளப்பி ரோட்டு முனைக்கு ஓட்டினார். அம்மை பின்னாலேயே நடந்து வந்தார். லாரிக்காரன் சிரித்தபடி, "முடிஞ்சிருச்சாண்ணே?" என்றான்.

"இல்ல தம்பி. இப்பத்தான் ஆரம்பிக்கிறேன்."

ஸ்பானரை எடுத்து போல்ட்டைக் கழற்றினார். கேட்டை இறக்கி வழி நடுவே நிறுத்திப் பார்த்தார். பிறகு ஓரத்தில் குவித்திருந்த முள்ளை வெறுங்கையால் வாரினார். கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுக்கத் தொடங்கினார். கையெல்லாம் ரத்தம். ஒவ்வொரு கிளையையும் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல வைத்தார்.

அம்மையும் குனிந்து ஒரு கிளையை எடுத்தார்.

"இந்தக் கேட்டு எவ்வளவு அகலம்ணே?"

"தண்ணிக்குடம் அடுக்குன தள்ளுவண்டி ஒண்ணு போகும் தாயே. அதுக்கு மேல எதுவும் போகாது."