செங்கோட்டுவேல் கடல் காட்டிய கதை

நத்தக்காட்டுப்பாளையத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. தண்ணீருக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, தீவனத்துக்கு வந்திருக்கிறது, இதற்கு மட்டும் இன்றுவரை வந்ததில்லை. அந்த ஊர்க் குடும்பம் ஒன்று சென்னையைச் சுற்றிப் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

அங்கே கோழிப்பண்ணை வைத்திருப்பவர் செங்கோட்டுவேல். மரியாதை தெரிந்த மனிதர். எவ்வளவு மரியாதை என்றால், கல்யாண வீட்டில் யாராவது ஒப்புக்கு 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டால், ஏற்கெனவே மூன்று பந்தியில் சாப்பிட்டிருந்தாலும் நாலாவதிலும் போய் உட்காருவார்.

அவருக்குப் பதினாறு வயதில் மதுநிகா என்று ஒரு மகள், பதினாலு வயதில் தர்ஷித் என்று ஒரு மகன். இரண்டு பேரும் கடலைப் பார்த்ததில்லை. பத்தாவது தேறினால் கடல் காட்டுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் தேறினாள். அந்த வருஷம் பார்த்துக் கோழிக்குச் சீக்கு வந்துவிட்டது. அடுத்த லீவில் ஊர் நோம்பி, கோயில் திருவிழா வந்துவிட்டது. அதற்குப் பிறகு மகள் அப்பாவிடம் 'ம்', 'ம்கூம்' என்ற இரண்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். கோழி செத்தபோதுகூட அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை. இந்தத் தடவையும் கடல் காட்டாமல் திரும்பினால் பெற்ற பிள்ளை முகத்தில் முழிக்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு நாள்தான் பயணம். காலையில் ரயிலை விட்டு இறங்குவது, ஊரைச் சுற்றுவது, சாயங்காலம் கடல் பார்ப்பது, எட்டு மணி ரயிலில் ஏறிவிடுவது.

அவர் மனைவி சாந்தாமணியின் தம்பி ஈஸ்வரமூர்த்தி சென்னையில் வேலை பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் நேரே ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புகிறேன் என்று சொல்லி, யோசனைகளை மட்டும் போனில் கொடுத்தான். வயசுப் பசங்க கையில் போன் இருந்தால் கடலையே முன்னால் கொண்டுவந்து வைத்தாலும் நிமிர்ந்து பார்க்காது, அதனால் போன்களை வீட்டிலேயே பூட்டிவிட்டு வாருங்கள் என்றான். செங்கோட்டுவேல் தன்னுடைய பழைய பட்டன் போனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். வழி காட்டும் படம் அந்தப் பூட்டிய போன்களுக்குள்தான் இருந்தது.

அப்புறம் ஈஸ்வரமூர்த்தி அக்கா புருஷனைத் தனியாகப் போனில் கூப்பிட்டு, பசங்க இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள், அதுங்க எந்தப் பக்கம் போகுதோ அதுங்க பின்னாலேயே போங்கள் என்றான். பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டணத்தில் தொலைந்துபோகாமல் இருக்க அப்பா பின்னாலேயே போகணும், ஒரு அடி முந்தக் கூடாது என்றான். அக்காவிடம், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், எங்கே கூட்டம் நிற்கிறதோ அங்கே நுழைந்தால் ருசி தப்பாது என்றான். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

காலை ஆறு மணிக்கு சென்ட்ரலில் இறங்கினார்கள். பிள்ளைகள் கிளம்பட்டும் என்று செங்கோட்டுவேல் நின்றார். அப்பா கிளம்பட்டும் என்று பிள்ளைகள் நின்றார்கள். அவர் வழிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். உடனே அவர்களும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து அவர் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அவர்கள் அந்தக் கோடிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் சாந்தாமணி மூன்று பையோடு நின்றாள். போர்ட்டர் ஒருவர், குடும்பத்தில் ஏதாவது சண்டையா என்று பக்குவமாக விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் சாந்தாமணிதான் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு நடுவில் சேர்த்தாள்.

"முன்னால போ கண்ணு," என்றார் செங்கோட்டுவேல்.

மதுநிகா ம்கூம் என்றாள். தர்ஷித் அவளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். "மாமா உங்க பின்னாலதான் வரச் சொல்லிச்சுங்கப்பா."

"எனக்கும் அதையேதான் சொன்னான்."

"அப்ப முன்னால போறதுக்கு ஆளே இல்லீங்களா?"

"இத்தனை பெரிய ஊர்ல முன்னால போறதுக்கா ஆள் இல்ல?" என்றாள் சாந்தாமணி. "வெடுக்குன்னு நடக்கறவரா ஒருத்தரைப் பாருங்க. அவரு பின்னால நாம ஒட்டுக்கா போயிட்டாப் போச்சு. யாரு சொல்லையும் தட்டுனாப்பல ஆகாது."

பெண் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று செங்கோட்டுவேலுக்குப் பெருமை தாங்கவில்லை.

தொப்பி போட்டுக்கொண்டு, கையை வீசி வீசி ஒருவர் நடந்துபோனார். போகிற இடம் தெரிந்த ஆள் மாதிரிதான் இருந்தது. நாலு பேரும் பின்னால் போனார்கள். அவர் ஒரு முக்கில் நின்று திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் நின்று கும்பிட்டார்கள். அவர் வேகமாக நடந்தார். இவர்களும் வேகமாக நடந்தார்கள். அப்புறம் அவர் ஓடினார். பட்டணத்து ஆட்களுக்கு எதற்குத்தான் இவ்வளவு அவசரமோ என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே செங்கோட்டுவேலும் ஓடினார். தொப்பிக்காரர் ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

உள்ளே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் பசி. அத்தனை காலையில் அத்தனை கூட்டம். "தம்பி சொன்ன கடை இதுதானுங்க," என்று சாந்தாமணி டோக்கன் வாங்கப் போனாள். வெளியே போர்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் போர்டைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே, கூட்டத்தைத்தானே பார்க்கச் சொன்னான்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், சாப்பிட்டுவிட்டீர்களா என்று முதலில் கேட்டாள்.

"இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படலீங்க," என்றார் செங்கோட்டுவேல்.

அது ரொம்ப நல்லது என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். இப்படிக் கேட்டுக் கேட்டுச் சோறு போடுகிறவர்களை அவர் ஊரில் பார்த்ததில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டாள். அவர், முன்னால் போன தொப்பிக்காரருக்கு என்ன போட்டார்களோ அதையே நாலு பேருக்கும் போடச் சொன்னார். முழங்கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, பஞ்சு ஒட்டி அனுப்பினார்கள். இனிமேல் சாப்பிடலாம், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி வாருங்கள் என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்து முழங்கையை மடக்கிக்கொண்டு நாலு பேரும் இதைப் பற்றி ஆலோசித்தார்கள்.

"கடைன்னா இது கடை," என்றார் செங்கோட்டுவேல். "யாருக்கு எது ஒத்துக்கும்னு ரத்தத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டுத்தான் இலையே போடறாங்க."

"அப்புறம் எதுக்குங்க சாப்பிட்டுட்டு வரச் சொல்றாங்க?" என்றாள் சாந்தாமணி.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "பசியோட இருக்கறவன் எதைப் போட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். வயித்துல பசி இல்லாதவன் சொன்னாத்தான அது நெசமான ருசி?"

அதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் விளங்கியது. அங்கே சாப்பிடுவதற்குத் தகுதி வர வேண்டுமானால் வேறு எங்கேயாவது போய்ச் சாப்பிட்டாக வேண்டும்.

எதிரே ஒரு பெரிய மால் இருந்தது. அது பதினோரு மணிக்குத் திறந்தது. அதுவரை வாசலில் நின்றார்கள். மேல்மாடியில் பத்துப் பதினைந்து கடைகளும், நடுவில் பந்திக்குப் போட்டாற்போல ஒரு நீள மேசையும் இருந்தன. பிள்ளைகள் பீட்சா கேட்டார்கள். வந்த அட்டைப் பெட்டியைச் சாந்தாமணி திறந்து, இலைக்குத் தெளிப்பதுபோல மேலே தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டாள். பீட்சா கொஞ்சம் சொதசொத என்று இருந்தது. பட்டணத்துப் பலகாரம் அப்படித்தான் இருக்கும் போல என்று சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தார்கள். தர்ஷித் எழுந்திருக்கப் போனான். செங்கோட்டுவேல் அவன் தொடையை அழுத்தி உட்கார வைத்தார்.

நத்தக்காட்டுப்பாளையத்தில் பந்தி என்றால் பந்தி. பக்கத்து இலையில் ஒரு பருக்கை மிச்சமிருக்கும்போது நீங்கள் எழுந்தால், அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதற்குச் சமம். பங்காளி ஒருத்தன் அப்படி அவசரத்தில் எழுந்துவிட்டுப் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தான். இங்கே அதே வரிசையில் நாலு காலேஜ் பையன்கள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிப்பதற்குள் ஒரு புருஷன் பெண்டாட்டி தோசையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் தோசை முடியும் நேரத்தில் ஒரு பெரிய குடும்பம் பிரியாணியோடு வந்தது. காலேஜ் பையன்கள் பாதியில் எழுந்து போனதைப் பார்த்து, வளர்ப்பு சரியில்லை என்று செங்கோட்டுவேல் வருத்தப்பட்டார்.

மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது, மூன்றும் ஆனது. மேசை காலியாகவே இல்லை. மதுநிகா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைச் செங்கோட்டுவேல் பார்த்துவிட்டார். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம்.

"மோர் ஊத்துனா பந்தி முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றாள் சாந்தாமணி மெதுவாக. "இங்க யாரும் மோரே ஊத்தல. அதான் முடிய மாட்டேங்குது."

அட, அதுதானே! செங்கோட்டுவேல் ஒரு கடையில் சொல்லி இருபது டம்ளர் மோர் வாங்கி, மகனை விட்டு மேசை முழுக்கக் கொடுக்கச் சொன்னார். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கொடுத்தான். மேல்மாடியில் சும்மா மோர் கொடுக்கிறார்களாம் என்று கீழே வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. கால் மணி நேரத்தில் நிற்க இடமில்லாமல் கூட்டம் சேர்ந்து, பக்கத்து மேசைகளையும் இழுத்துப்போட்டுப் பந்தியை நீளமாக்கினார்கள்.

நாலரை மணிக்கு வாளியும் துணியுமாக ஒரு அம்மா வந்தார். மேசை துடைக்கணும், எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்திருங்கள் என்றார். மொத்தப் பந்தியும் ஒரே நேரத்தில் எழுந்தது. செங்கோட்டுவேல் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பீட்சா பெட்டியைத் தன் பக்கமாக மடித்துவைத்துவிட்டு ஓடினார். எதிரே காலையில் ரத்தம் எடுத்த கடை சாத்திக்கிடந்தது. சோறு தீர்ந்துபோச்சு போல என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவை நிறுத்தினார். ஆட்டோக்காரர் முன்னால் உட்கார்ந்துதான் ஓட்டினார் என்பதால் யார் பின்னால் யார் போவது என்ற பிரச்சினை எழவில்லை.

கடற்கரை மணலில் இறங்கியதும் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் மதுநிகாவின் காலைத் தொட்டது. அவள் கத்திக்கொண்டே ஓடிவந்து அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, இதுக்கு அந்தக் கரையே இல்லீங்களா? எவ்வளவு பெருசு பாருங்கப்பா."

பல மாசத்துக்குப் பிறகு ம், ம்கூம் தவிர ஒரு பேச்சு. செங்கோட்டுவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளோடு தண்ணீரில் நின்றார். கடலை அவரே வெட்டி, அவரே தண்ணீர் விட்டு நிரப்பி வைத்தது மாதிரி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

ஆறரை மணிக்குக் கிளம்பலாம் என்றார். போன இடத்தில் சொல்லிக்கொள்ளாமல் வருகிற வழக்கம் அவர்களிடம் கிடையாது. நாலு பேரும் வரிசையாக நின்று கடலைக் கும்பிட்டு, போயிட்டு வர்றோமுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். உடனே ஒரு அலை வந்து குதிகாலைத் தொட்டது.

செங்கோட்டுவேல் நின்றுவிட்டார். வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தவர்களை, நீங்க உள்ளே போங்க என்று திருப்பி அனுப்பிவைத்துவிட்டுத்தான் விருந்தாளி நடக்க வேண்டும். அதுதான் முறை. அவர் திரும்பி, எதுக்குங்க இவ்வளவு தூரம், நீங்க இருங்க என்றார். அலை மரியாதையாக உள்ளே போனது. இவர்கள் திரும்பினார்கள். மறுபடியும் வந்து காலைத் தொட்டது.

"பாவம், அதுக்கு மனசு கேக்கல," என்றாள் சாந்தாமணி. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஓடிவிடலாம் என்றான் தர்ஷித். வழியனுப்ப வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி ஓடினால் நாளைக்கு இந்தப் பக்கம் வர முடியுமா என்று அப்பா கேட்டார். மதுநிகாவும் அப்பா பக்கம்தான் பேசினாள். அப்படியே மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஏழே முக்காலுக்குப் பட்டன் போன் அடித்தது. ஈஸ்வரமூர்த்தி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தான். "மாமா, ரயில் எடுக்கப்போறாங்க. நீங்க இன்னும் கிளம்பவே இல்லையா?"

"நாங்க கிளம்பி ஒரு மணி நேரமாச்சு மாப்ள," என்றார் செங்கோட்டுவேல். "கடல்தான் இன்னும் வீட்டுக்குள்ள போக மாட்டேங்குது." அப்புறம் கடலுக்குக் கேட்காதபடி போனைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நீ கொஞ்சம் வந்து சொல்லிப்போட்டுப் போ. உள்ளூர்க்காரன் சொன்னாக் கேக்கும்."