நீலிப்பள்ளத்தைக் காத்தவர் யார்?

தீர்ப்புச் சொல்லப்போகிறவர் நீங்கள். ஆகவே வழக்கில் உள்ள மூவரையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மலையூர் ஒன்றில் காடுகளை ஆராயும் நிலையம் இருந்தது. அங்கே நெடுங்காலம் வேலை பார்த்தவள் ரெஜினா. அட்டைக்கடியோடு சோலைக்காடுகளுக்குள் நடந்து, எந்த மரம் எங்கே நிற்கிறது, எது பட்டுப்போகிறது என்று பதிவு செய்வது அவள் பணி. துணைக்குப் போகிறவன் அவள் வயதொத்த சுகிர்தராஜ்.

மூன்றாமவள் செண்பகவல்லி, பிற்பாடு வந்தவள். காட்டுக்குள் அவள் அதிகம் போனதில்லை. மற்றவர்கள் எடுத்துவைத்த பழைய பதிவுகள், செயற்கைக்கோள் படங்கள், மழையளவு, மலையின் உயரம் எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து, யாரும் கால் வைக்காத இடத்தில்கூட என்ன வகைக் காடு இருக்கும், அது எந்த நிலையில் இருக்கும் என்று கணித்துச் சொல்லும் நிரல் ஒன்றை உருவாக்கினாள். அதிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. நலமான காடு பச்சை, நலிவது மஞ்சள், அழிந்தது சிவப்பு. எந்தச் சோலைக்குப் பாதுகாப்பு என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யப்போவதாக அதிகாரிகள் சொன்னார்கள். செண்பகவல்லிக்கு விருது என்றும் பேச்சு அடிபட்டது.

படத்தைச் சுவரில் மாட்டிய அன்று ரெஜினா அதன் ஓரத்தைத்தான் பார்த்தாள். 'ஆக்கம்: செண்பகவல்லி' என்று பெரிதாக இருந்தது. அடியில் பொடி எழுத்தில், 'களப் பதிவுகள்: பலர்.'

"பலரா? இதுல பாதி நான் நடந்தது" என்றாள் சுகிர்தராஜிடம்.

"அவ வேணும்னு செய்யல, ரெஜினா."

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடலாம். என் நினைப்பே அவளுக்கு வரலையே!"

அதன்பின் செண்பகவல்லி எது செய்தாலும் அவளுக்கு உறுத்தியது. "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று அவள் கேட்பது நடிப்பாகப் பட்டது. பெரிய அதிகாரிகள் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் ரெஜினாவுக்கு வயிறு எரிந்தது.

அந்த மழைக்காலத்தில் ரெஜினாவும் சுகிர்தராஜும் நீலிப்பள்ளம் என்ற பள்ளத்தாக்குக்குப் போனார்கள். வரைபடத்தில் அது முழுச் சிவப்பு. பழைய பதிவுகள் எடுத்த காலத்தில் அங்கே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள் மட்டுமே இருந்தன. வானத்திலிருந்து பார்த்தால் இன்றும் அவைதான் தெரியும். ஆனால் அவற்றின் நிழலில் இடுப்பளவு உயரத்துக்குச் சோலை மரங்களான காட்டு நாவலும் இலவங்கமும் நெருக்கமாக எழும்பியிருந்தன. அழிந்த சோலை தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது.

"செண்பகவல்லிகிட்ட உடனே சொல்லணும்" என்றான் சுகிர்தராஜ்.

"நான் சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது அவனுக்கும் தெரியும். இருவருமே அவனுக்கு வேண்டியவர்கள். தான் பேசினால் உள்ளுக்குள் புகையும் பகை வெளியே வெடிக்கும் என்று பயந்து அவனும் சும்மா இருந்தான்.

முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. சிவப்பு நிலங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, நீலிப்பள்ளத்தின் மரங்களை இயந்திரம் வைத்துத் தள்ளிச் சாலை போடலாம் என்று வாசித்துவிட்டு, அதிகாரி பேனாவைத் திறந்தார். ரெஜினா எழுந்தாள்.

"அந்தப் படம் தப்பு. நீலிப்பள்ளத்துல வாட்டிலுக்கு அடியில சோலை வளருது. உள்ளே போய்ப் பாக்காமலே நிறம் பூசியிருக்காங்க."

பேசியது அதிகாரியிடம், பார்த்ததோ செண்பகவல்லியின் முகத்தை. அது வெளுப்பதைக் காணத்தான் அவள் அத்தனை மாதம் காத்திருந்தாள்.

"பதிவு குடுத்தீங்களா, மேடம்?" என்றார் அதிகாரி.

"இல்லை."

"ஏன் குடுக்கல?"

யாரோ சிரித்தார்கள். சுகிர்தராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி செண்பகவல்லியிடம் திரும்பினார். "இதைக் கணக்குல எடுக்கணுமா? வேண்டாம்னா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் விருது அவள் கைக்கு வந்திருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

"ரெஜினா அக்கா பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பாங்க. அந்த இடத்துல என் கணிப்பே உறுதியில்லை. சந்தேகம்னு காட்ட அது மேல கோடு போட்டிருந்தேன். படம் தெளிவா இருக்கணும்னு நீங்க கேட்டதால அந்தக் கோட்டை எடுத்துட்டேன், சார். எடுத்திருக்கக் கூடாது. படத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்."

விருது கைநழுவியது. பிறகு ஒரு குழு நேரில் போய்ப் பார்த்து, நீலிப்பள்ளத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் கூட்டம் நடந்த அன்று அவையே எழுந்து கைதட்டியது செண்பகவல்லிக்குத்தான். ரெஜினா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் சொன்ன உண்மைக்கும் அவளுக்கே கைதட்டல்!

இப்போது சொல்லுங்கள். நட்புக்காக வாய் மூடிய சுகிர்தராஜ், பொறாமையில் உண்மை பேசிய ரெஜினா, விருதை உதறி அந்த உண்மையை ஏற்ற செண்பகவல்லி: நீலிப்பள்ளத்தைக் காத்த பெருமை இம்மூவரில் யாருக்கு?

விடை: ரெஜினாவுக்கே. சுகிர்தராஜின் மௌனம் காப்பாற்றியது இரண்டு பேருடைய உறவை, பள்ளத்தை அல்ல. செண்பகவல்லியின் மனம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அவள் திருத்தியது தன் பிழையைத்தான். யாரும் எழுந்திருக்காவிட்டால் அதையும் திருத்தியிருக்க மாட்டாள். ரெஜினா ஒளித்துவைத்தது குற்றம், பேசிய நோக்கமும் கெட்டது. என்றாலும் கையெழுத்து விழும் முன் செடிகள் இருக்கின்றன என்று அந்த அவையில் சொன்னவள் அவள் ஒருத்திதான். இந்தத் தீர்ப்பை அவளிடம் கொண்டுபோய்ச் சொல்லிப்பாருங்கள், மகிழமாட்டாள். "செண்பகவல்லிக்கு என்ன சொன்னீங்க?" என்றுதான் முதலில் கேட்பாள்.