எண்பத்து நாலுக்குக் கீழே

செங்கரடு என்ற குன்றில் பதினோரு துளை போட்டாகிவிட்டது. பதினொன்றிலும் வெறும் கல். இப்போது பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் எதுவும் வராவிட்டால் வெள்ளிக்கிழமை துளை போடும் ரிக்கைக் கழற்றி லாரியில் ஏற்றுங்கள் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

தேடியது ஈயமும் துத்தநாகமும். கூடவே கொஞ்சம் வெள்ளி.

ரிக் ஓட்டியவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷமாகத் துளை போடுகிறார். அவர் போட்ட ஒரு துளையிலும் எதுவும் வந்ததில்லை. அவர் கிளம்பிப் போன பிறகு வேறு யாராவது பக்கத்திலேயே போடுவார்கள், வரும். அதனால் அவருக்கு 'வெறுங்கல்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே கூப்பிடுவார்கள். தன் கையால் போட்ட துளையில் ஒரே ஒரு தடவை உலோகக் கல் ஏறி வருவதைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அவருடைய குரு குமுதவல்லி. ஜியாலஜிஸ்ட். வயது முப்பத்தொன்று. சிஷ்யனுக்குக் குருவைவிட இருபத்தோரு வயது அதிகம். இரண்டு பேருமே இதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முதல் நாள் தணிகாசலம் கேட்டார்.

"வெள்ளி எப்படி இருக்கும் மேடம்?"

குமுதவல்லி பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். சாம்பல் நிறம். பளபளப்பு. உடைந்த இடமெல்லாம் சின்னச் சின்னச் சதுரம். அந்த அளவுக் கல்லுக்கு அப்படி ஒரு கனம் இருக்கக் கூடாது.

"இதுதான் வெள்ளியா?"

"இது ஈயக்கல்."

"நான் கேட்டது வெள்ளி."

"உள்ள இருக்கு."

"தெரியலையே."

"தெரியாது."

பம்ப் பார்க்கும் ஜெபராஜ் சிரித்தார். "சாமியாரம்மா இன்னிக்குக் கல்லு குடுத்திருக்கு. நாளைக்கு விபூதி குடுக்கும் பாருங்க."

மறுநாள் துத்தநாகத்தைப் பற்றிக் கேட்டார். குமுதவல்லி தேன் நிறத்தில் ஒரு கல்லை எடுத்துக் கத்தியால் சுரண்டினார். அந்தப் பொடியில் ஒரு சொட்டு ஆசிட் விட்டார்.

"மோந்து பாருங்க அண்ணே."

"ஐயய்ய! அழுகின முட்டை!"

"அதேதான்."

அன்றைக்கு மெஸ்ஸில் முட்டைக் குழம்பு. தணிகாசலம் தொடவில்லை. ஜெபராஜ் இரண்டு பங்கு சாப்பிட்டார்.

இப்படியே பாடம் நடந்தது. கேள்வி கேட்டால் பதில் வராது, கல் வரும்.

புதன்கிழமைதான் அந்த விஷயம் நடந்தது.

துளையிலிருந்து கல் நீளமான உருளையாக ஏறி வரும். அதற்குக் கோர் என்று பெயர். வந்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்க வேண்டும். நடுவில் கல் வராமல் போனால், அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, எத்தனை மீட்டர் போச்சு என்று அதன் மேல் எழுத வேண்டும். ரிக் வேலைக்கு வரும் ஆளுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் இது.

தணிகாசலம் அவசரத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆழமாகப் போய்விட வேண்டும் என்று பம்பிலிருந்து துளைக்குள் விடும் தண்ணீரைக் கூட்டி வைத்து வேகமாக இறக்கினார். எண்பத்து நாலிலிருந்து எண்பத்தேழு வரை மூன்று மீட்டர். வெளியே எடுத்தால் ஒன்று நாற்பதுதான் வந்தது. ஒன்று அறுபது காணோம்.

கட்டை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இருபத்தாறு வருஷ ஆபரேட்டர் கோரைத் தொலைத்தான் என்று ஜெபராஜ் ஊரெல்லாம் சொல்வார். எப்படியும் வெறுங்கல்தானே போயிருக்கும் என்று நினைத்தார். பதினோராவது துளையின் பெட்டியிலிருந்து அதே மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புக்கல் துண்டுகளை எடுத்து வந்து இடைவெளியை நிரப்பினார். நன்றாகப் பொருந்தியது. யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் குமுதவல்லி பெட்டியைப் பார்த்தார். எண்பத்து நாலிலிருந்து எண்பத்தேழு: சுண்ணாம்புக்கல், வேறு எதுவும் இல்லை. எழுதி நோட்டை மூடினார். முகம் செத்துப்போயிருந்தது.

தணிகாசலத்துக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு கேட்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"பன்னெண்டு துளையிலயும் ஒண்ணும் இல்ல. முதல்ல எதைப் பார்த்து நம்பி இங்க வந்தீங்க?"

குமுதவல்லி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கரட்டின் மேல் ஏறினார். தணிகாசலம் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறினார்.

உச்சியில் துருப்பிடித்த பாறை. செங்கல்லைவிடச் சிவப்பு. முழுக்க ஓட்டை, தேனடை மாதிரி. குமுதவல்லி பையிலிருந்து அந்த ஈயக்கல்லை எடுத்து, அதன் சதுர முனையை ஒரு ஓட்டைக்குள் வைத்தார். ஓட்டையும் சதுரம். முனை அப்படியே உள்ளே உட்கார்ந்தது.

"ஈயம் இங்க இருந்துச்சா மேடம்?"

"இருந்துச்சு. அடியில இருந்து வெந்நீர் இதைக் கரைச்சு எடுத்துட்டு வந்து, உடைஞ்ச பாறையில விட்டுட்டுப் போச்சு. அப்புறம் மேல இருந்ததையெல்லாம் மழை தின்னுடுச்சு. பல லட்சம் வருஷம்."

"அப்ப இங்க எதுவுமே இல்லையே."

"இந்த ஓட்டை இருக்கே. இதைப் பார்த்துத்தான் வந்தேன்."

"ஓட்டையைப் பார்த்தா?"

"ம். யாராவது இதையெல்லாம் நல்ல கல்லா வச்சு அடைச்சிருந்தா, நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கவே மாட்டேன்."

குமுதவல்லி எதையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

தணிகாசலம் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இறங்கினார். பாதி வழியில் நின்றார்.

"மேடம். எண்பத்து நாலுக்குக் கீழ இருக்கிறது பொய்."

"என்னது?"

"கல்லு வரல. நான் பழைய கல்லை வச்சு அடைச்சேன்."

"எவ்வளவு?"

"ஒண்ணு அறுபது."

குருவுக்குக் கோபம் வந்தது. குருவுக்கெல்லாம் கோபம் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கையில் இருந்த ஈயக்கல்லை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் சதுரம் பதிந்துவிட்டது.

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் அண்ணே. இங்க எதுவும் இல்லன்னு. என் கையால."

"தெரியும் மேடம்."

"வாங்க."

பெட்டி முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளியே வைத்தார். பெட்டியில் நீளமாகக் காலியிடம் திறந்தது. ஒரு கட்டையை எடுத்து, 'போனது 1.60 மீ.' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே தன் பெயரையும் எழுதினார். அதைக் காலியிடத்தில் வைத்தார்.

"போனது போச்சு மேடம். போனது என்னன்னு இனிமே எப்படித் தெரியும்?"

"சுண்ணாம்புக்கல் எப்படி? கெட்டியா, நொறுங்குமா?"

"கெட்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்ப தண்ணியில போனது?"

"சுண்ணாம்பு இல்ல. நொறுங்குற வேற ஏதோ கல்லு."

"தண்ணி எங்க போச்சு அண்ணே?"

அவர் திரும்பிப் பார்த்தார். ரிக்குக்குப் பக்கத்தில் சேற்றுக்குழி. துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் முழுக்க அதில்தான் விழும். ஒவ்வொரு துளை தொடங்கும்போதும் குழியைச் சுத்தமாக வழித்துவிடுவார்கள். உள்ளே கிடந்தது பன்னிரண்டாவது துளையின் சேறு மட்டும்.

தணிகாசலம் ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மாதிரி ஓடக் கூடாது. மெஸ்ஸிலிருந்து தன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து முழங்கால் வரை குழிக்குள் இறங்கினார். தண்ணீர் விழும் வாய்க்கு நேர் கீழே கை விட்டு அள்ளினார்.

"வெறுங்கல் அண்ணே, சோறு பத்தலையா?" என்று ஜெபராஜ் மேலே நின்று கேட்டார்.

தணிகாசலம் தட்டைச் சாய்த்துச் சாய்த்து அலசினார். வெள்ளைச் சேறு வழிந்து போனது. மறுபடி தண்ணீர். மறுபடி சாய்ப்பு. கடைசியில் தட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு தங்கியது. எவ்வளவு சாய்த்தாலும் நகரவில்லை. வெயில் பட்டதும் மின்னியது.

ஜெபராஜ் குனிந்து பார்த்தார்.

குமுதவல்லி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அதைத் தணிகாசலத்திடம் கொடுத்தார். தூள் முழுக்கச் சதுரம் சதுரமாக இருந்தது.

"ஈயம்," என்றார் தணிகாசலம். "வெள்ளி?"

"உள்ள."

"தெரியலையே."

"தெரியாது," என்று சொல்லிவிட்டுக் குமுதவல்லி சிரித்தார். அதுவரை அந்த முகாமில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு ஆபீசுக்குப் போன் போட்டு நடந்தது அத்தனையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கக் குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"சரி, ரெண்டு மீட்டர் தள்ளி இன்னொண்ணு போடுங்க. ஆனா அந்த ஆளை மாத்துங்க."

"மாத்த முடியாது சார்."

"ஏன்? கோரைத் தொலைச்சது அவர்தானே?"

"ஆமா சார். எவ்வளவு தண்ணி வச்சா இந்தக் கல்லு ஓடிடும்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

அந்தப் பக்கத்தில், "பதிமூணாவதோட சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

பதிமூன்றாவது துளை எண்பத்து மூன்று மீட்டரைத் தொட அஞ்சு நாள் ஆனது. அதற்குக் கீழே தணிகாசலம் அவசரப்படவில்லை. மூன்று மீட்டருக்குப் பதில் அரை மீட்டர் அரை மீட்டராக எடுத்தார். தண்ணீரைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கல்லை அறுக்கும் பிட்டின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு இறக்கினார்.

எண்பத்து நாலு.

"தண்ணி கறுக்குது!" என்று குழியிலிருந்து ஜெபராஜ் கத்தினார். "தணிகாசலம் அண்ணே, கறுக்குது!"

ஜெபராஜ் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தணிகாசலம் அதைக் கவனிக்கவில்லை. லீவரை இழுத்து மெஷினை நிறுத்தினார். இனி கோரை மேலே இழுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

"மேடம்."

"ம்."

"இந்தத் தடவையும் கல்லு ஓடியிருந்தா?"

குமுதவல்லி கீழே கிடந்த குவியலிலிருந்து புதுக் கட்டை ஒன்றை எடுத்தார். மண்ணைத் தட்டி, அவர் கையில் வைத்தார்.

"பேனா இருக்கா அண்ணே?"