இடது ஸ்பீக்கர்

மெஹருன்னிசா டீச்சர் பாளையங்கோட்டையில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்ட பிறகு, சனிக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் ஒரு வகுப்பு நடத்தினார். அதிகம் செலவழிக்காமல் வீட்டில் நல்ல ஸ்டீரியோ அமைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அங்கே வருவார்கள். சுவரோரமாகப் பழைய ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர்களும் இருக்கும். வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம், சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டும் போகலாம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஞானதுரை. டீச்சரைவிட வயதில் மூத்தவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கொயர் என்ற பாடகர் குழுவை நடத்தினார். அதனால் டீச்சர் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

வந்த அன்றே அவர் கேட்டார்.

“எந்த ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், டீச்சர்?”

“உங்களுக்கு எந்தப் பாட்டு நல்லாத் தெரியும்?”

“எங்க கொயர் பாட்டுதான். ஈஸ்டருக்குப் பாடினதைப் பதிவு பண்ணி வச்சிருக்கோம்.”

“அதைக் கொண்டு வாங்க.”

அடுத்த வாரம் கொண்டுபோனார். டீச்சர் எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரு மெல்லிய துணியால் மூடிவிட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் அதே பாட்டைப் போட்டார். ஞானதுரை கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் ஒரு ஜோடியைக் கைகாட்டினார்.

டீச்சர் துணியை எடுத்தார். மூலையில் பெயின்ட் உரிந்த இரண்டு சின்னப் பெட்டிகள். ஞானதுரை வந்த நாளிலிருந்து கண் வைத்திருந்தது பக்கத்தில் நின்ற, வெள்ளி வளையம் போட்ட உயரமான ஜோடி.

“இதுவா நல்லாருந்துச்சு?” என்றார் அவர்.

“என்கிட்ட கேட்டா எப்படி? காது உங்களுது.”

பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பி, கரகரப்பு வருகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு வையுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்.

“சத்தம் சரியில்லைன்னா ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்தினா எதுல கோளாறுன்னு தெரியாமப் போயிரும்.”

“எங்க கடையிலயும் அப்படித்தான். ஒரு கண்ணை மூடிட்டுத்தான் மறு கண்ணைப் பாப்போம்,” என்றார் ஞானதுரை.

ஞானதுரை அந்தச் சின்ன ஜோடியையும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிப் போனார். வெகுநாள் எல்லாம் நன்றாகவே போனது. கடையை அடைத்துவிட்டு வந்ததும் அவரும் மனைவி பியூலாவும் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் முகம் வாடிப்போய் மாடிக்கு வந்தார்.

“இடது ஸ்பீக்கர் மங்கிப்போச்சு, டீச்சர்.”

“என்ன செஞ்சீங்க?”

“ஒயரை மாத்தினேன். ஆம்ப்ளிஃபயரையும் மாத்தினேன். இடத்தையும் கொஞ்சம் மாத்திப் பாத்தேன்.”

“எல்லாத்தையும் ஒண்ணாவா?”

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மனசே சரியில்ல. கிறிஸ்துமஸ் பக்கத்துல வந்தாச்சு. கொயர்ல பொம்பளைங்கள்ல ஒரு வரிசை கீழ்க்குரல்ல பாடணும், ஒருத்தருமே வாயைத் திறந்து பாட மாட்டேங்காங்க. வாரா வாரம் சத்தம் போடுதேன். செல்வராணின்னு ஒருத்தங்க, அவங்கதான் அந்த வரிசைக்கே பெரியவங்க. எல்லார் முன்னாலயும் அவங்களைத் திட்டிட்டேன். அதுக்கப்புறம் அவங்க வரதில்ல.”

“அவங்கள்லாம் எந்தப் பக்கம் நிப்பாங்க?”

“எனக்கு இடது பக்கம். எதுக்குக் கேக்கீங்க?”

டீச்சர் ஒரு பையில் ஸ்க்ரூடிரைவரையும் ஒயரையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

வீட்டில் பியூலா டீ போட உள்ளே போனார். டீச்சர் கூடத்தைப் பார்த்தார். ஒரு ஸ்பீக்கர் ஜன்னல் பக்கம், இன்னொன்று கதவுப் பக்கம். எதிரில் ஞானதுரையின் நாற்காலி.

“உக்காருங்க. நீங்க எந்திரிக்கக் கூடாது. நான் மாத்துதேன்.”

கொயர் பாட்டு ஓடியது.

“எந்தப் பக்கம் மங்கல்?”

“ஜன்னல் பக்கம். இடது.”

டீச்சர் இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார்.

“இப்ப?”

“ஜன்னல் பக்கம்தான்.”

“அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு.”

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் இரண்டு ஒயர்களையும் மாற்றிச் சொருகினார்.

“இப்ப?”

“ஜன்னல் பக்கம்.”

“ஆம்ப்ளிஃபயரும் நல்லாத்தான் இருக்கு.”

ஜன்னல் பக்கத்துக்குத் தான் கொண்டுவந்த ஒயரைப் போட்டார். அப்போதும் ஜன்னல் பக்கம்தான் மங்கல்.

“அப்ப ரூம்லதான் என்னமோ கோளாறு,” என்றார் ஞானதுரை. “ஜன்னலை அடைச்சுப் பாப்போமா?”

டீச்சர் ஜன்னலைத் தொடவில்லை. ஞானதுரையின் பக்கத்தில் வந்து நின்றார்.

“எந்திரிங்க, மாஸ்டர்.”

அவர் எழுந்தார். டீச்சர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

“உக்காருங்க.”

ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப எந்தப் பக்கம் மங்கல்?”

“கதவுப் பக்கம்,” என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.



ஞானதுரை மெதுவாகக் கையைத் தூக்கினார். கடையில் எத்தனையோ பேரிடம் ஒரு கண்ணை மூடச் சொல்லியிருக்கிறார். அதே மாதிரி வலது காதை உள்ளங்கையால் மூடினார். பாட்டு எங்கோ நாலு வீடு தள்ளிக் கேட்பது போல ஆனது. கையை எடுத்தார். திரும்பவும் மூடினார்.

பியூலா டீயோடு வந்து நின்றார். “என்னாச்சு? எதுலயாம் கோளாறு?”

“என் காதுல,” என்றார் அவர்.

மறுநாள் காலையிலேயே பியூலா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை ஞானதுரை மாடிக்கு வந்தபோது கையில் ஸ்பீக்கர்கள் இருந்தன. பின்னால் ஆட்டோக்காரர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“காதுக்குள்ள குட்டியா ஒரு எலும்பு இருக்காம். அது இறுகிப்போச்சாம். ஆபரேஷன் பண்ணினா அனேகமாக் கேக்கும்னு சொல்லுதாங்க. பொங்கல் முடிஞ்சு வரச் சொல்லிருக்காங்க.”

“நல்ல சேதிதான.”

“நல்ல சேதிதான். ஆனா அதுவரைக்கும் ஒத்தைக் காதை வச்சுக்கிட்டு எனக்கு எதுக்கு ஸ்டீரியோ? இதை வேற யாருக்காவது குடுத்திருங்க. கொயரையும் வேற ஆள் பாக்கட்டும்னு சர்ச் ஐயர்கிட்ட சொல்லப் போறேன்.”

டீச்சர் ஸ்பீக்கர்களை மேசைமேல் வைத்து ஒயர்களைச் சொருகினார். கொயர் பாட்டைப் போட்டார். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில், ஞானதுரை இதுவரை தொட்டே பார்க்காத ஒரு சின்னப் பட்டனை அழுத்தினார்.

“இது என்ன?”

“மோனோ. ரெண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து ரெண்டு ஸ்பீக்கர்லயும் வரும். இடது பக்கத்துக் குரலும் உங்க நல்ல காதுக்கு வந்திரும். தலையைத் திருப்பாம நேரா உக்காந்து கேளுங்க.”

அவர் கேட்டார். ஆண்கள் பாடினார்கள். பெண்கள் மேல்குரலில் பாடினார்கள். அதற்கடியில் இன்னொரு வரிசை, தரைமேல் தண்ணீர் பரவுவது மாதிரி, அவசரமில்லாமல் கூடவே வந்தது. பல்லவி திரும்பிய இடத்தில் அதிலிருந்து ஒரு குரல் கொஞ்சம் முன்னே வந்து மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனது.

ஞானதுரை பாட்டு முடியும்வரை தலையைக் குனிந்தபடி இருந்தார்.

“செல்வராணி,” என்றார். “எவ்வளவு நல்லாப் பாடிருக்காங்க. போன மாசமும் இப்படித்தான் பாடிருப்பாங்க.”

“இருக்கும்.”

“நான் அவங்களை வாயைத் திறக்கலைன்னு சொன்னேன்.”

டீச்சர் பாட்டை இன்னொரு தடவை போட்டார். இந்தத் தடவை ஞானதுரையின் விரல்கள் மடிமேல் தாளம் போட்டன. முடிந்ததும் அவரே பட்டனை விடுவித்தார், திரும்ப அழுத்தினார், ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினார்.

“செட்டை வீட்டுக்கே கொண்டு போறேன்,” என்றார்.

“கொண்டு போங்க.”

ஸ்பீக்கரைத் தூக்கியவர் கீழே இறங்காமல் நின்றார்.

“வீட்டுல பட்டனை அமுக்கிக்கிடலாம், டீச்சர். கொயருக்குப் பட்டன் கிடையாதே. கிறிஸ்துமஸ் அன்னைக்கு அந்தப் பக்கத்துல நிக்கவங்க பாடுதது எனக்குக் கேக்கலைன்னா நான் என்ன செய்யட்டும்?”

மெஹருன்னிசா டீச்சர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“கேக்கலைன்னா அவங்ககிட்டயே கேளுங்க, மாஸ்டர். செல்வராணி வீடு உங்களுக்குத் தெரியும்லா?”