பத்திரிகையில் இதயம் வைத்த கதை

கீழப்பாறைக்குடி கடைத்தெருவில் ஓர் அச்சகம். அண்ணன் ஆவுடையப்பன், தம்பிகள் கொம்பையா, சடையன், மூன்று பேருமாக நடத்தினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள் என்று ஊரில் பெயர். அதுதான் கஷ்டமே.

ஒருநாள் வெயிலுமுத்து மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார்.

“செண்பகவல்லி, அடுத்தாப்புல ஒரு இதயம், அடுத்தாப்புல மாப்பிள்ளை பேரு. இதயம் இல்லாம அடிச்சிராதீங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கல்யாணம்னு ஊர் நினைச்சிரும். சாயங்கால பஸ்ஸில சம்பந்தி வீட்டுக்கு முதல் கட்டு போயாகணும்.”

பெயர்களை அடித்தாயிற்று. இதயத்தைத்தான் விசைப்பலகையில் காணோம். சடையன் பலகையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். முறுக்குத் தூள் விழுந்தது.

மதுரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் துரைப்பாண்டிக்குப் போன் போட்டார்கள். அவன் ஒழுங்காகத்தான் சொன்னான்: “ஆல்ட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மூணை அடிங்க அண்ணாச்சி. கையை எடுத்ததும் இதயம் வந்துரும்.”

ஆல்ட் என்பது விசைப்பலகையின் கீழ் வரிசையில் இருக்கிற ஒரு பொத்தான். ஆனால் வாசலில் பஸ் ஆரன் அடித்த நேரம். ஆவுடையப்பன் காதில் விழுந்தது இப்படி: “ஆளை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மூணு அடிங்க.”

“எந்த ஆளைன்னு சொன்னானா அண்ணே?” கொம்பையா கவலையோடு கேட்டான்.

“சொல்லலை. பிடிக்கிறவன் நான். இங்க எப்பவும் அடிக்கிறவன் சடையன். மிச்சம் நீதான்.”

நியாயமாகப் பட்டதால் கொம்பையா குனிந்தான். அண்ணன் அழுத்திப் பிடிக்க, சடையன் அவன் முதுகில் மூன்று அடி வைத்தான். கையை எடுத்தார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் போன்.

“மேல இருக்கிற மூணை அடிச்சீங்களா? அது ஆகாது. வலப்பக்கத்து மூணுதான். நம்லாக் போட்டிருக்கா?”

நம்லாக் என்பது விசைப்பலகையின் வலப்பக்கத்து எண்களை வேலை செய்ய வைக்கிற பொத்தான். ஆவுடையப்பன் போனை வைத்துவிட்டுத் தம்பிகளிடம் விளக்கினார். “முதுகுக்கு மேல அடிச்சது தப்பாம்ல. வலப்பக்கம் அடிக்கணுமாம். நம்ம லாக்கும் போடணுமாம்.”

“அதானே! கதவு திறந்து கிடந்தா வர்ற இதயம் தெருவுக்குல்லா போயிரும்!” என்றான் கொம்பையா.

“பக்கத்துக் கடைப் பூட்டு இதைவிடப் பெருசு அண்ணே,” என்றான் சடையன்.

“நம்ம பூட்டுன்னு தெளிவாச் சொல்லியிருக்கான்ல.”

கதவை உள்ளே பூட்டினார்கள். இதயத்துக்குத் தூரம் குறையட்டும் என்று கொம்பையாவை விசைப்பலகை மேலேயே சாய்த்தார்கள். அவன் இடது கை ஆல்ட் மேல் அழுந்தியது. வலது விலாவில் மூன்றாவது அடி விழுந்ததும் துள்ளினான் பாருங்கள், முழங்கை போய் வலப்பக்கத்து மூன்றில் இடித்தது. கையை எடுத்தான். திரையில் குட்டியாக ஓர் இதயம்!

“வலிச்சாலும் வந்துட்டுல்லா,” என்று கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து, பத்திரிகைக்கென்று வைத்திருந்த வளைவு வளைவான எழுத்துருவுக்கு மாற்றினான் சடையன். அந்த எழுத்துருவில் இதயம் கிடையாது. இல்லாத உருவத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் ஒரு காலிக் கட்டத்தைப் போட்டது.

“இதயம் எங்கலே?”

“பெட்டிக்குள்ள வச்சிருக்கு அண்ணே. பஸ்ஸில போற சாமான், நசுங்கிறக் கூடாதுல்லா.”

கம்ப்யூட்டரின் பொறுப்பை மெச்சிக்கொண்டே அச்சடித்தார்கள்.

சாயங்காலம் வந்த வெயிலுமுத்து பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோனார். “என்னவே, நடுவுல பெட்டி இருக்கு?”

“இதயம் உள்ள இருக்கு.”

“அப்பத் திறந்துல்லா குடுக்கணும்! மூடின பெட்டியைக் குடுத்தா சம்பந்தி சாவிக்கு எங்க போவாரு?”

நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, பிளேடால் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வெட்டித் திறந்தார்கள். சதுர ஓட்டையோடு கட்டு பஸ் ஏறியது.

மறுநாள் சம்பந்தி வெயிலுமுத்துவுக்குப் போன் செய்தார். “பத்திரிகை ரொம்ப லட்சணம். இதயத்தைத்தான் காணோம், வழியில உதிர்ந்திருக்கு. பஸ்ஸை நிறுத்தி சீட்டுக்கடியில பெருக்கச் சொன்னேன். ரெண்டு கிடைச்சிருக்கு. நம்மளோடதா, வேற கல்யாணத்து இதயமான்னு தெரியலை. வந்து அடையாளம் காட்டுங்க.”

வெயிலுமுத்து உடனே சட்டையை மாட்டினார். போகிற வழியில் அச்சகத்தில் நுழைந்து கொம்பையாவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டார்.

“நீயும் வாடே. அது வரும்போது பக்கத்துல இருந்தவன் நீதானே.”