மனுவுக்கு ஒரு மிட்டாய்

ஒரு காலத்தில் செங்கரைச் சீமையைத் தீரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் மென்றுகொண்டிருந்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். மனு கொடுக்க வருகிறவன் முதலில் ஒரு கருப்பட்டி மிட்டாயை நீட்ட வேண்டும். ராஜா அதை வாயில் போட்டுக்கொண்டுதான் காது கொடுப்பார். வாய் இனித்தால் தீர்ப்பும் இனிக்குமாம். இந்த அரிய யோசனையைச் சொன்னவர் சபை அதிகாரி வீரபாகு. விஷம் இருக்கிறதா என்று முதல் கடி கடித்துப் பார்க்கும் பதவியையும் அவரே வாங்கிக்கொண்டார். நாளுக்கு நாற்பது மனு, நாற்பது மிட்டாய். நடுநடுவே தொண்டை நனைக்கப் பானகம்.

மந்திரி குழைக்காதர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். "மகாராஜா, இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். பல்லுக்கும் நடுநடுவே கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?"

"நீர் மந்திரியா, வைத்தியரா?" என்பார் ராஜா. இன்னொரு மிட்டாய் உள்ளே போகும்.

ஒரு நாள் ராஜாவின் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. அதோடு தீர்ப்புகளும் கெட்டன. ஆடு காணாமல் போனதென்று அழுதுகொண்டு வந்தவனுக்கே கசையடி கிடைத்தது. இதுதான் சமயமென்று வீரபாகு முன்னால் வந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பணிவாகப் பேசுவது அவர் பழக்கம். சபையில் அவரளவு இறுக்கமாக வாய் பொத்துகிறவர் யாருமில்லை.

"பிரபு, தினமும் தங்கள் பல்லைத் தொடுவது எது? மாடத்தி இடிக்கும் பல்பொடி. அவளை அரண்மனைக்குக் கொண்டுவந்தவர் யார்? மந்திரி. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?"

மந்திரியின் செல்வாக்கைக் கண்டு அவருக்கு எத்தனை வருட வயிற்றெரிச்சலோ. ராஜாவோ கன்னத்தைப் பிடித்தபடி, "நாளைப் பொழுது சாய்வதற்குள் அவள் குடும்பத்தோடு சீமையை விட்டுப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மாடத்தி சபைக்கு வந்து நின்றாள். "பன்னெண்டு வருசமா கடுக்காயும் கிராம்பும் உப்பும் இடிக்கேன், மகாராசா. மூணு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போவேன்?"

குழைக்காதர் எழுந்தார். கையில் ஒரு சட்டி நிறைய வறுத்த புளியங்கொட்டை.

"மகாராஜா, மாடத்தியின் பொடி பல்லைக் கெடுக்குமானால் அதைத் தேய்க்கிற யாராலும் இதைக் கடிக்க முடியாது. பார்த்துவிடலாமா? வீரபாகு, நீரும் அந்தப் பொடிதானா?"

"சீச்சீ. நான் ஆலங்குச்சி தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை" என்றார் வீரபாகு, வாயைப் பொத்தியபடியே.

அரண்மனையில் மற்ற எல்லோருக்கும் அந்தப் பொடிதான். யானைப்பாகன் கடித்தான். சமையல்காரர் கடித்தார். காவலாளிகள் வரிசையாகக் கடித்தார்கள். சபை முழுக்கக் கடக் கடக்கென்று ஒரே சத்தம்.

"இப்போது ஆலங்குச்சி வாய்" என்று மந்திரி சட்டியை நீட்டினார்.

வீரபாகு பின்வாங்கினார். "இன்று எனக்கு விரதம்."

"காலையிலிருந்து பதினேழு மிட்டாய் கடித்த விரதமா?"

"கடியும்" என்றார் ராஜா.

கடித்தார். போட்ட அலறலில் கை தானாக இறங்கிவிட்டது. உள்ளே நாலைந்து கறுத்த பல் மொட்டைகள் மட்டும் நின்றன. இத்தனை வருடம் பணிவென்று எல்லோரும் மெச்சியது இதைத்தான்.

ராஜா விழித்தார். "அப்படியானால் ஆலங்குச்சிதான் கெடுதலா?"

குழைக்காதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது. "மகாராஜா, அந்தப் பொடி தேய்க்கும் இருநூறு வாய் நன்றாக இருக்கிறது. அதைத் தொடாத வாய் சொத்தையாகிவிட்டது. உங்கள் வாய்க்கும் அவர் வாய்க்கும் பொதுவாக, வேறு எந்த வாய்க்கும் இல்லாதது என்ன?"

ராஜா யோசித்தார். மெல்லுவது மெதுவாக நின்றது. கையிலிருந்த பாதி மிட்டாயைப் பார்த்தார்.

அதைக் கீழே வைத்துவிட்டு, "மாடத்தி, தப்பு என்னுடையது. நீ எங்கும் போக வேண்டாம். என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"பரிசு கெடக்கட்டும், மகாராசா. முதல்ல வாயைக் கொப்பளிங்க. அப்புறம் பேசுவோம்."

ராஜா சிரித்துவிட்டார். மந்திரிக்கு முத்துமாலையும் மாடத்திக்கு ஒரு காணி நிலமும் கொடுத்தார். மிட்டாய் சாப்பாட்டு நேரத்தோடு சரி என்றாயிற்று. மனு கேட்பதற்கு முன்னால் ராஜா வாய் கொப்பளிப்பது அந்தச் சீமையின் புது வழக்கமாயிற்று.

கொப்பளித்ததைத் துப்ப ஒரு பெரிய வெண்கலப் படிக்கம் செய்தார்கள். அதை ஏந்தி நிற்கும் வேலை வீரபாகுவுக்கு. இரண்டு கையாலும் பிடித்தால்தான் அது நிற்கும். பிறகு வாயைப் பொத்தக் கை ஏது?